மேற்கோளுக்குப் பிறகு ஒரு வசனம்

ஒப்படைக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருந்தது. “மேற்கோள்கள் எல்லாம் சரி. கட்டுரையை எழுதியவரைத்தான் எங்கும் காணவில்லை.”

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் விரிவுரையாளர் அதைத் திருப்பித் தந்தபோது நான் விரித்துப் பார்க்கவில்லை. புள்ளி குறைவு என்பது அவர் தந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு போகும் லோஞ்ச் படகில் ஏறி, கரை சிறுத்த பிறகுதான் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்தேன். கடலில் வைத்து வாசித்தால் என் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

பக்கத்திலிருந்த மரியநேசன் பார்த்துவிட்டார்.

“எத்தினை, ரீச்சர்?”

“முப்பத்தெட்டு.”

“எனக்கு நாற்பத்தொண்டு. பெரிய வித்தியாசம் இல்லை,” என்று தன்னுடைய தாளை நீட்டினார். அதில் அதே சிவப்பு மை. “மேற்கோள்களைச் சரிபார்க்கவும். பாதிக்கு மேல் பிழை.”

இருவரும் ஒருவர் தாளை ஒருவர் வைத்துக்கொண்டு சிரித்தோம். தண்ணீர்த் துமி பட்டு என் தாளில் நீல மை கரைந்தது. சிவப்பு மை கரையவில்லை.

மரியநேசன் நெடுந்தீவு வைத்தியசாலையின் மருந்தாளர். அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். தகப்பன் மாடு வளர்த்தவர், கடலுக்கும் போனவர். நான் வேலணையில் இருந்து அங்கே படிப்பிக்கப் போனவள். திங்கள் காலை போனால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. சனி, ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்பு வகுப்பு. அவரும் அதே வகுப்பு. நான் வேலணையில் இருந்து போய்வருவேன், அவர் பட்டணத்தில் மாமி வீட்டில் தங்குவார். இப்படி வாரத்தில் இரண்டு தடவை, போகும்போதும் வரும்போதும், ஒரே லோஞ்சில் இருந்தோம்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். எனக்கு முப்பது கடந்துவிட்டது.

இதை எழுதலாமா என்று இப்போது அவரிடம் கேட்டேன். “எழுதுங்கோ, பேரை மட்டும் மாத்துங்கோ” என்றார். மாற்றியிருக்கிறேன்.

இருபத்தேழு

அன்றைக்கு லோஞ்சில் அவர் என் கட்டுரையை முழுதாக வாசித்தார். நெய்தல் திணைப் பாடல்களில் பிரிவு என்பது தலைப்பு. வாசித்து முடித்ததும் பேனையை எடுத்துப் பக்கம் பக்கமாக எண்ணினார்.

“எட்டுப் பக்கத்திலை இருபத்தேழு மேற்கோள்,” என்றார்.

“கூடவோ?”

“கூடக் குறைய எண்டு சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா ஒரு மேற்கோள் முடிய அடுத்த மேற்கோள் நிக்குது. இடையிலை ‘இவ்வாறே’, ‘மேலும்’, ‘அதுபோல’. உங்கடை சொல் உந்த மூண்டுந்தான், ரீச்சர்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த இருபத்தேழையும் நான் புத்தகம் பார்க்காமல் எழுதியிருந்தேன். நெடுந்தீவு ஆசிரியர் விடுதியில் மின்சாரம் நின்றுபோகும் பொழுதுகளிலும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்தவை. ஓர் எழுத்துப் பிசகாது. என் கெட்டித்தனம் எல்லாம் அதில்தான் இருந்தது.

அதனால் அவருடைய கட்டுரையைப் பிடித்தேன். மூன்று பக்கத்துக்குள் நாலு பிழை.

“இதிலை ‘உம்’ ஒண்டு இருக்கு. நீங்கள் அதை விட்டிட்டீங்கள்,” என்றேன்.

“ஒரு ‘உம்’தானே.”

“‘அவனும் வந்தான்’ எண்டால் முந்தி வேறை ஆரோ வந்திருக்கினம். ‘அவன் வந்தான்’ எண்டால் அவன் மட்டும். ஒரு ‘உம்’மிலை ஒரு ஆள் காணாமல் போயிடுவான்.”

அவர் தன் தாளில் அந்த ‘உம்’மைச் சேர்த்துவிட்டு, “அது சரி,” என்றார். “வாற கிழமை உங்கடையை நான் பாக்கிறன், என்ரையை நீங்கள் பாருங்கோ.”

அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டுப் பேச்சு

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் தன் பெயரில் சொன்னதில்லை.

ஐயா, அதாவது என் அப்பா, வயல்காரர். பனங்காணியும் கொஞ்சம் உண்டு. கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம் என்ற எண்ணம் அவருக்குச் சாகும்வரை இருந்தது. ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட விருப்பமில்லை என்றால், “இண்டைக்கு வீட்டிலை விரதம்” என்பார். காணியை விற்க மனமில்லை என்றால், “தம்பி வெளியிலை இருந்து வேண்டாம் எண்டு சொல்லுறான்” என்பார். வெளிநாட்டில் இருந்த என் தம்பி அதைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கமாட்டான்.

எனக்கு வந்த சம்பந்தங்களும் அப்படித்தான் திரும்பின. “சாதகம் பொருந்தேல்லையாம். சாத்திரியார் சொல்லிப்போட்டார்.” அந்தச் சாத்திரியாரிடம் சில குறிப்புகள் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். பையனின் ஊரோ குடும்பமோ பிடிக்காதபோது மறுப்பைச் சாத்திரியார் வாயில் போட்டுவிடுவார்கள். அம்மாவும் அதையே திருப்பிச் சொல்லுவார். மறுக்கப்பட்டவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு அது நாகரிகமாகவே பட்டது. யாரும் சத்தம் போடவில்லை, யார் முகமும் முறியவில்லை. அப்படி வளர்ந்தவள் கையில் ஒரு பேனையைக் கொடுத்தால் இருபத்தேழு பேரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் நிற்பாள்.

வருத்தக்காரர் சொன்னது

மரியநேசனுக்கு எழுதத் தெரிந்தது வைத்தியசாலையில் இருந்து வந்தது. இதை அவரே ஒரு வெள்ளி பின்னேரம் சொன்னார்.

நெடுந்தீவு வைத்தியசாலையில் அப்போது ஆள் பற்றாக்குறை. வெளிநோயாளர் கூடுகிற நாட்களில் டொக்டருக்குப் பக்கத்தில் இருந்து துண்டு எழுதுவதும் அவர்தான். ஒவ்வொரு துண்டிலும் முதல் வரி, வந்த நோயாளி தன் வருத்தத்தைப் பற்றிச் சொன்னது. அதன் கீழேதான் டொக்டர் பார்த்தது. அதற்கும் கீழே மருந்து.

“வருத்தக்காரர் அரை மணித்தியாலம் கதைப்பார். மகன்ரை கதை, மாட்டின்ரை கதை எல்லாம் வரும். எல்லாத்தையும் எழுத ஏலாது. ஒரு வசனம்தான் எழுத இடம் கிடக்கு. ஆனா அந்த ஒரு வசனத்தை நான் மாத்தக் கூடாது.”

“ஏன்?”

“ஒரு கிழவர் வந்து, ‘நெஞ்சுக்கை மாடு ஏறி நிக்குது தம்பி’ எண்டார். நான் ‘நெஞ்சு நோ’ எண்டு எழுதினன். டொக்டர் துண்டைப் பாத்திட்டு அவரை நிமிந்து பாத்து, ‘என்ன ஐயா செய்யுது?’ எண்டு கேட்டார். கிழவர் திரும்பவும் மாடு எண்டார். டொக்டர் என்ரை துண்டை வெட்டிப்போட்டு அவர் சொன்னதை அப்பிடியே எழுதினார். நோ வேறை, பாரம் வேறை. அண்டைக்கே அவரைப் போட்டிலை ஏத்தி அனுப்பினது. ஆள் தப்பிட்டார்.”

அவர் தொடர்ந்தார்.

“அதோடை இன்னொண்டு. வருத்தக்காரர் சொன்னதை மட்டும் எழுதிப்போட்டு விட்டால் அவருக்கு மருந்து கிடைக்காது. கீழை ஆராவது தன்ரை கையாலை எழுத வேணும், நான் இதை இப்பிடி விளங்கிறன் எண்டு. பிழைச்சாலும் கையெழுத்து வைக்க வேணும்.”

வகுப்பில் மூன்று வருடம் படித்ததை எல்லாம் திரட்டினாலும் மேற்கோள் பற்றி எனக்கு உதவியது இந்தப் பேச்சுத்தான். தேவையான அளவு எடு. எடுத்ததை மாற்றாதே. யார், எந்த நிலையில் சொன்னது என்று முதலில் சொல். பிறகு உன் வசனத்தை எழுது. இன்றைக்கும் என் உயர்தர மாணவிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். அவர்களுடைய கட்டுரைகளில் ஒரு மேற்கோள் வெறுமனே நின்றால் ஓரத்தில், “இதற்கு நீர் என்ன சொல்கிறீர்?” என்று எழுதுவேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

நீங்கள், நீர்

அடுத்த ஒப்படையில் ஆறு மேற்கோள்தான் வைத்தேன். ஒவ்வொன்றையும் வெட்டும்போது ஏதோ களவு கொடுத்தது போல இருந்தது. அவர் வாசித்துவிட்டு ஐந்தாம் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். அலை சத்தத்தில் தலைவிக்கு நித்திரை வரவில்லை என்று பாட்டு சொல்கிறது. அவள் நித்திரை கொள்ள விரும்பவில்லை, அலையைச் சாட்டாகச் சொல்கிறாள் என்று நான் எழுதியிருந்தேன்.

“இது ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான்.”

“அப்ப நீர் வந்திட்டீர்,” என்றார்.

நீர். அதுவரை நீங்கள் என்றுதான் கதைத்தவர். எங்கள் பக்கத்தில் நீர் என்பது மரியாதைக் குறைவில்லை. சம வயதுக்காரர், நெருக்கமானவர், கணவன் மனைவி கூட அப்படித்தான் கதைப்பார்கள். இருந்தாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பயணங்களில் அவர் என்னை நீங்கள் என்று சொல்லவில்லை. நான்தான் கடைசிவரை நீங்கள் என்றே சொன்னேன்.

தாள் மாற்றி வாசித்த அந்த இரண்டு வருடத்தில் எனக்கு வெள்ளியும் திங்களும் மட்டும்தான் ஞாபகம் இருக்கின்றன. டீசல் புகை, நனைந்த கயிற்று மணம், அவர் காலடியில் இருக்கும் மருந்துப் பெட்டி. எதிர்க்காற்றில் தாள் பறக்காமல் இருக்க நான் ஒரு ஓரத்தைப் பிடிப்பேன், அவர் மறு ஓரத்தைப் பிடிப்பார். ஏறுகிற சனம் எங்களைப் பார்த்து, “படிக்கினம், படிக்கினம்” என்று இடம் விடும். உண்மையிலே படித்தோம். ஒரு நாளும் எங்கள் இருவரைப் பற்றி எதுவும் கதைத்ததில்லை.

ஒரு பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பயணம் முழுக்க வாதாடினோம். அதை நான் இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. கடற்கரையில் நிற்கும் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லும் இரண்டு அடி, அவ்வளவுதான். அவள் அவனோடு போகத் துணிந்துவிட்டாள் என்றும் அதைப் படிக்கலாம். போகமாட்டேன், இங்கேயே இருந்து ஆறிக்கொள்வேன் என்றும் படிக்கலாம். போவாள் என்பது என் கட்சி. போகமாட்டாள் என்பது அவர் கட்சி.

“அவளுக்கு வீடு வாசல் இருக்கு. எப்பிடி விட்டிட்டுப் போறது?” என்றார்.

“அதை எல்லாம் யோசிச்சுப்போட்டுத்தான் கதைக்கிறாள்,” என்றேன்.

தீர்வு காணாமல் கரைக்கு வந்துவிட்டோம்.

மாவிலித்துறை

இறுதிப் பரீட்சை முடிந்தது. பெறுபேறு வந்தது. இருவரும் சித்தியடைந்திருந்தோம். அதே மாதத்தில் அவருக்கு மன்னாருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் லோஞ்ச் கட்டி நின்றது. நான் வீட்டுக்குப் போக வந்திருந்தேன். அவர் அன்று பயணம் போகவில்லை. சாமான் கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் துறைக்கு வந்திருந்தார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. சவர்க்காரம் போட்டுத் தோய்த்த வெள்ளை சேட். வெயிலில் கண் கூசியது.

“திங்கள் நீர் வரேக்கை நான் இருக்கமாட்டன்,” என்றார்.

“தெரியும்.”

“ஒண்டு கேக்கிறன். விருப்பம் இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லும், நான் பிழையா நினைக்கமாட்டன். நான் உம்மைக் கலியாணம் செய்ய விரும்பிறன். உம்மடை வீட்டிலை கஷ்டம் எண்டு தெரியும். எங்கடை வீட்டிலையும் கஷ்டந்தான். நீர் ஓம் எண்டு சொன்னால் மிச்சத்தை நான் பாக்கிறன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்க முடியாது. ஒரு சொல்லும் இரவலில்லை.

எனக்கு ஐயாவின் முகம் வந்தது. கோயில் வீதி வந்தது. அவருடைய தாய் செபமாலையோடு நிற்பது வந்தது. இவை எல்லாவற்றுக்கும் கீழே மிகவும் எளிதாக ஓர் ‘ஓம்’ கிடந்தது. அதை எடுத்து வெளியே வைக்க வேண்டும். வாய் திறந்தேன்.

அந்தப் பாட்டின் இரண்டு அடியைச் சொன்னேன்.

ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். என் வாசிப்பு அவருக்குத் தெரியும். இரண்டு பயணம் முழுக்க, போவாள் என்று நின்றவள் நான். அந்த வரியை நான் சொன்னால் அது சம்மதம் அல்லாமல் வேறு என்ன? அவரைப் போல வாசிக்கத் தெரிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை. விளங்கிவிடும் என்று நம்பினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிள் மணியின் மேல் இருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்தார்.

“சரி,” என்றார். “போட் வெளிக்கிடப் போகுது. ஏறும்.”

நான் ஏறினேன். லோஞ்ச் விலகும்போது கை காட்டினேன். அவரும் காட்டினார். சந்தோசமாகவே வீட்டுக்கு வந்தேன். ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

திங்கட்கிழமை அழைப்பு வரவில்லை. புதிய இடம், வேலை இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிழமை, ஒரு மாதம். அவருடைய இலக்கம் என் கைத்தொலைபேசியில் இருந்தது. செய்தி எழுதி எழுதி அழித்தேன். கேட்டவர் அவர், அடுத்த அடியும் அவர்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பழகிய வீம்பு ஒன்று கையைப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அவர் மனம் மாறிவிட்டார் என்று முடிவு செய்தேன். வீடு சம்மதிக்கவில்லைப் போல என்று அவருக்காகக் காரணமும் தேடிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதமளவில் விடுதியில் பழைய ஒப்படைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். “இடையிலை உங்கடை வசனம் எங்கை?” என்று அவர் ஓரத்தில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கையில் இருந்த தாள்களோடு கட்டிலில் இருந்துவிட்டேன். அந்தப் பாட்டில் அவர் கட்சி எது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் எந்த வாயால் தொடங்குவது என்று இன்னொரு ஒன்றரை வருடம் போனது. அதற்குள் அவர் மன்னாரில் ஒரு தாதியைக் கலியாணம் செய்துவிட்டதாக நெடுந்தீவுப் பாடசாலையில் யாரோ சொன்னார்கள். நான், “நல்ல விசயம்” என்றேன்.

நான் கலியாணம் செய்யவில்லை. அதற்கு அவரைக் காரணமாகக் காட்டுவது நியாயமில்லை. ஐயா படுக்கையில் விழுந்தார், பிறகு அம்மா. எனக்கும் இடமாற்றம் கிடைத்து வேலணைக்கே வந்தேன். வெள்ளியும் திங்களும் மற்ற நாட்களைப் போல ஆகிவிட்டன. சாட்டிக் கடற்கரைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் மட்டும், எல்லோரும் தண்ணீரில் நிற்க, நான் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து நெடுந்தீவு தெரியாது. தெரியாது என்று தெரிந்துகொண்டுதான் பார்ப்பேன்.

மறுபடி லோஞ்சில்

போன வருடம் பழைய அதிபரின் ஓய்வு விழாவுக்கு நெடுந்தீவு போனேன். திரும்பும்போது லோஞ்சில் சரியான சனம். உள்ளே இடம் தேடியபோது ஒருவர் எழும்பி, “ரீச்சர், இஞ்சை இருங்கோ,” என்றார்.

தலை நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி. குரல் அதேதான்.

மாதா கோயில் திருநாளுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். மனைவி ரோசலின், பத்து வயது மகள். (அவர்கள் பெயரும் மாற்றியதுதான். இதை ரோசலினும் வாசித்த பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.) ரோசலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைப் பற்றிக் கனக்கச் சொல்லுவார். நீங்கள் இல்லாட்டில் பட்டம் கிடைச்சிருக்காதாம்,” என்றார். நல்ல சிரிப்பு. கொஞ்சத்தில் மகளுக்குத் தலைசுற்றியது. காற்றுப்பட இருக்கட்டும் என்று ரோசலின் அவளை முன்பக்கம் கூட்டிப்போனார்.

அந்த இடத்தில் மரியநேசன் இருந்தார். சுகம் விசாரித்தார். ஐயா, அம்மா இறந்ததைச் சொன்னேன். கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

“ஒண்டு கேக்கலாமோ?” என்றார்.

“கேளுங்கோ.”

“அண்டைக்கு மாவிலித்துறையிலை நீர் சொன்னது ஓமோ, இல்லையோ?”

நீர் என்று வாயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

“ஓம்,” என்றேன். “நான் ஓம் எண்டுதான் சொன்னனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதில் உப்புத் துமி படிந்திருந்தது. துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் இல்லை எண்டு எடுத்தனான்.”

“தெரியும். பேந்துதான் விளங்கினது.”

“அந்தப் பாட்டிலை நீர் போவாள் எண்டு நிண்டது எனக்கு மறக்கேல்லை. அண்டைக்கு இரவு அதையும் யோசிச்சனான். ஆனா… இல்லை எண்டு நினைக்கத்தான் எனக்கு லேசாக் கிடந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையிட்டைப் போய்க் கேட்டுப்போட்டன். பிள்ளை முகத்திலை அடிக்காமல், மரியாதையா ஒரு பாட்டைச் சொல்லி அனுப்பிப்போட்டுது எண்டு நினைச்சனான். உங்கடை ஆக்கள் அப்பிடித்தானே மறுக்கிறது. எனக்குக் கோவம் வரேல்லை. வெக்கமாத்தான் இருந்தது. கன நாள் இருந்தது.”

இத்தனை வருடமும் நான் என் இழப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில், தோய்த்த சேட்டோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதன் வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பினதை ஒரு தடவையேனும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாரோ தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்களே, அவர்களில் ஒருவராக அவரையும் ஆக்கி அனுப்பியிருக்கிறேன்.

எத்தனையோ வரிகள் தெரிந்தவள் நான். ஒன்றும் வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

“நான் பயந்துபோனன்,” என்றேன். “உங்களைக் குறைவா நினைச்சதில்லை. ஒரு நாளும் இல்லை. எனக்கு உங்களிலை சரியான விருப்பம். அதைச் சொல்லத் தெரியேல்லை. என்னை மன்னிக்க வேணும்.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இப்ப சொன்னதுக்குச் சந்தோசம்,” என்றார். “நான் நல்லா இருக்கிறன். ரோசலின் நல்ல மனிசி.”

“பாத்தாலே தெரியுது.”

மகள் திரும்பி வந்து அவர் மடியில் சாய்ந்தாள். “அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?”

“இந்தா, கரை தெரியுது,” என்றார்.

குறிகட்டுவானில் அவர்களுக்கு ஒரு வான் வண்டி நின்றது. ரோசலின், இறக்கிவிடுகிறோம், வாருங்கள் என்றார். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மகள் பின்கண்ணாடியால் கை காட்டினாள். மண் புழுதி அடங்கும்வரை நின்றேன்.

பஸ்ஸில் ஏறி ஒரு சீற்றில் ஓரமாக இருந்தேன். யன்னல் பக்கம் ஒரு அம்மா, மடியில் கீரைக்கட்டோடு. புங்குடுதீவுக்குள் பாதி வழி போகும்வரை தாங்கிக்கொண்டேன். பிறகு முடியவில்லை. சத்தமில்லாமல் வடிந்தது. சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“என்ன பிள்ளை, சுகமில்லையே?” என்று அந்த அம்மா கேட்டார்.

ஒன்றுமில்லை, கண்ணுக்குள் தூசி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.

“ஓம் அம்மா,” என்றேன். “எனக்கு மனம் சரியில்லை.”

அவர் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பி, என்னை யன்னல் பக்கம் நகரச் சொன்னார். பஸ் கடலின் குறுக்கே போகும் தாம்போதியில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர்.